பாஸும் பைக் மீனும் சேர்ந்து வாழும் ஏரியில் கம்பி இல்லாமல் வீசாதீர்கள்

பைக் என்கிற கூர்ப்பல் வேட்டை மீனும் பாஸ் என்கிற இன்னொரு நன்னீர் வேட்டை மீனும் சேர்ந்து இருக்கிற ஏரி என்று நன்றாகத் தெரிந்தும், "நான் பாஸுக்குத்தானே வீசுகிறேன், எனக்கு எதற்குக் கம்பி" என்று, நரம்புக்கும் லூருக்கும் (செயற்கை இரை) நடுவே கட்டுகிற உலோகக் கம்பி லீடர் இல்லாமல், வெறும் ஃப்ளோரோகார்பன் (ஒருவகை பிளாஸ்டிக்) நரம்பில் லூரைக் கட்டி வீசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பாசி ஓரத்தில் பைக் வந்து கவ்வும், ஒரே ஒரு தலை உதறல், நரம்பு சுத்தமாக அறுந்து வெறுமனே திரும்பி வரும். வீசியவர் பெட்டியைத் திறந்து இன்னொரு லூரை எடுத்துக் கட்டுவார். அந்த மீன்? மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துத் தைத்த ட்ரெபிள் (மூன்று கொக்கி) முள்ளோடு பாசிக்குள் போய்விடும். சில மீன்கள் அதை எப்படியோ உதறிவிடுகின்றன, சில வாயைத் திறந்து இரை பிடிக்க முடியாமல் கிடக்கின்றன. ஒரு சாண் கம்பி இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

கனடாவின் ஒண்டாரியோ, அமெரிக்காவின் மினசோட்டா பக்கம் இருக்கிற ஏரிகளில் இந்த இரண்டு மீனும் ஒரே பாசி விளிம்பில்தான் நிற்கும். இரண்டும் பதுங்கியிருந்து பாயும் ஜாதி. பாஸ் பிடிக்க நாம் வீசுகிற ஸ்பின்னர்பெய்ட் (வளைந்த கம்பியில் சுழலும் தகடு உள்ள லூர்), ஜெர்க்பெய்ட் (சின்ன மீன் வடிவ லூர்), ஸ்பூன் (வளைந்த உலோகத் தகடு) எல்லாமே பைக்குக்கும் பிடிக்கும். ஆனால் வாய் மட்டும் வேறு வேறு. பாஸின் பற்கள் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், அவ்வளவுதான். அது வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும், பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பிவிடும். பைக்குக்குக் கீழ்த்தாடையில் நீளமான கூர்ப்பற்கள், அண்ணத்தில் உள்பக்கம் சாய்ந்த நூற்றுக்கணக்கான சின்னப் பற்கள். உள்ளே போனது வெளியே வராதபடி அமைந்த வாய் அது. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வால் பக்கத்திலேயே இருப்பதால் அசையாமல் நின்ற இடத்திலிருந்து ஒரே உந்தலில் பாயும். அளவிலும் பெரிய வித்தியாசம். பெரியவாய் பாஸில் உலக சாதனை 1932-இல் ஜார்ஜ் பெர்ரி ஜார்ஜியாவில் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன். 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது அதற்குச் சமம் என்று ஏற்கப்பட்டது. பைக்கில் சாதனை 1986-இல் ஜெர்மனியில் பிடிபட்ட 55 பவுண்டு 1 அவுன்ஸ் மீன். அப்படி ஒன்று நம் தூண்டிலுக்கு வரப்போவதில்லை என்றாலும், 10 பவுண்டு பைக் எந்த வீச்சிலும் வரலாம்.

சரி, கம்பிக்கு வருவோம். பைக்குக்கு மட்டும் போகிறீர்கள் என்றால் குறைந்தது 30 செ.மீ. நீளம், ஏழு இழை எஃகுக் கம்பி அல்லது டைட்டானியம். பாஸுக்கு என்று போகும்போது 15-20 செ.மீ. நீளத்தில் மெல்லிய கம்பி போதும், 20-30 பவுண்டு தாங்கினால் சரி. கம்பியைப் பார்த்துப் பாஸ் ஓடிவிடும் என்கிற பேச்சு வேகமாக இழுக்கிற லூர்களுக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. ஸ்பின்னர்பெய்ட்டே ஒரு வளைந்த கம்பிதானே, அதைப் பாஸ் அடிக்கவில்லையா? தடித்த ஃப்ளோரோகார்பன், அதாவது 80 பவுண்டுக்கு மேல், போதும் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவுக்குத் தாங்கும், ஆனால் பல் சரியான கோணத்தில் பட்டால் அதுவும் அறும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரல் நகத்தால் தடவிப் பார்த்துச் சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுகிற பொறுமை உள்ளவர்களுக்குத்தான் அது.

கம்பி உண்மையிலேயே இடைஞ்சலாகிற இடம் ஒன்று உண்டு. தெளிந்த தண்ணீரில், ஆழத்தில், டிராப்ஷாட் (நரம்பின் அடியில் ஈயம், அதற்கு மேலே முள்) மாதிரி சின்ன ரப்பர் புழுவை மெல்ல ஆட்டிப் பிடிக்கும்போது மீன் அதை நின்று நிதானமாகப் பார்க்கும், கம்பி இருந்தால் கடி குறையும். அப்போது நான் கம்பியைக் கழற்றுவேன், ஆனால் இடத்தையும் மாற்றுவேன். பாசியை விட்டு விலகி, சிறுவாய் பாஸ் நிற்கிற பாறை மேட்டுக்குப் போய்விடுவேன். அங்கே பைக் வரவே வராது என்று இல்லை, ஆனால் பாசி விளிம்பை விடக் குறைவு.

இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு லூர் எடுத்துப் போகச் சொன்னால் அரை அவுன்ஸ் ஸ்பின்னர்பெய்ட்தான் எடுப்பேன். ஒற்றை முள், பாசியில் அதிகம் சிக்காது, கழற்றுவதும் சுலபம். இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நரம்பு கட்டும் இடம் பல ஸ்பின்னர்பெய்ட்களில் மூடிய வளையமாக இருக்காது, வெறும் வளைவாகத்தான் இருக்கும். அதில் லீடர் நுனியில் இருக்கிற ஸ்னாப் கொக்கியை மாட்டினால் வீசும்போது அது லூரின் கம்பிக் கை மேலே நழுவி ஏறிவிடும், லூர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வரும். மூடிய வளையம் உள்ளதைப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் வளைவுக்கு இருபுறமும் கம்பிக் கையோடு சேர்த்துச் சின்ன ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி ஸ்னாப் நகராதபடி அடைத்துவிடுங்கள்.

ராடு (தூண்டில் கோல்) 7 அடி, மீடியம் ஹெவி, அதாவது ஓரளவு விறைப்பானது, நுனி மட்டும் சட்டென்று வளைவது. 50 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு). பிரெய்டுக்கு பாலோமார் முடிச்சு நம்பகமானது. எந்த முடிச்சானாலும் இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்துவிடுங்கள், நைலானும் ஃப்ளோரோகார்பனும் உராய்வுச் சூட்டில் பலம் இழக்கும். பெய்ட்காஸ்டர் ரீல் (வீசும்போது நரம்பு சுற்றிய ஸ்பூல் உருளையே சுழலும் வகை) புதிது என்றால், ஸ்பூலை விடுவித்ததும் லூர் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் தானாக நிற்கிற அளவுக்குப் பக்கத்துத் திருகை இறுக்குங்கள். நரம்பு சிக்கல் பாதி அங்கேயே குறையும். லூரை மாற்றினால், எடை மாறுகிறது, திருகையும் மாற்ற வேண்டும்.

இழுக்கும் விதத்தைப் பற்றித்தான் நான் நாள் முழுக்கப் பேசுவேன். 1936-இல் பின்லாந்தில் லவுரி ரப்பாலா என்கிற மீனவர் தன் முதல் லூரைக் கார்க்கில் செதுக்கி மேலே பளபளக்கும் தாளைச் சுற்றினார். கூட்டத்தில் தடுமாறி நீந்துகிற மீனைத்தான் பெரிய மீன் குறிவைக்கிறது என்று கவனித்ததுதான் அதற்கு அடிப்படை. இன்று ஜெர்க்பெய்ட் இழுப்பதும் அதே கணக்குதான். வெட்டி வெட்டி இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். கடி பெரும்பாலும் நிறுத்தத்தில்தான் வரும். தண்ணீர் குளிரக் குளிர நிறுத்தத்தை நீட்டுங்கள், பத்து விநாடி கூட ஆகட்டும், கை அரித்தாலும் பொறுங்கள். பைக் கடிக்காமலே படகு வரைக்கும் லூரைத் துரத்திக்கொண்டு வரும். கடைசி ஒரு மீட்டரில் லூரைத் தூக்கிவிடாமல், ராடு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு அகலமாக எட்டு போடுங்கள். திரும்புகிற வளைவில் பல தடவை அடித்துவிடும்.

பாஸில் கடி வேறு. டெக்சாஸ் ரிக்கில் (முள் நுனியை ரப்பர் புழுவுக்குள் மறைத்துக் கட்டும் விதம்) புழுவைத் தரையில் நகர்த்தும்போது ஒரு சின்ன 'டக்', அல்லது நரம்பு பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான் தெரியும். தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு ஓங்கி இழுக்க வேண்டும், முள் முதலில் புழுவைத் துளைத்து அப்புறம்தான் தாடைக்குப் போகும். தண்ணீர் மேலே மிதந்து வரும் மேல்மட்ட லூரில் இதற்கு நேர்மாறு. தண்ணீர் தெறித்ததும் இழுக்காதீர்கள், கையில் கனம் தெரியும் வரை காத்திருங்கள்.

பருவமும் முக்கியம். பனிக்கட்டி உருகிய உடனே, தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போதே பைக் ஆழம் குறைந்த புல்வெளித் தண்ணீருக்கு முட்டையிட வரும். பாஸ் அதற்கு அப்புறம், 15 டிகிரியைத் தாண்டிய பிறகு; ஆண் மீன் கூட்டுக்குக் காவல் நிற்கும். காவல் நிற்கிற மீனைப் பிடித்துத் தூக்கினால் அந்தச் சில நிமிடங்களில் மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும், அதனால் கூட்டின் மேல் நான் வீசுவதில்லை. பல பகுதிகளில் அந்தக் காலத்துக்குத் தடையே இருக்கிறது, போகிற இடத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள். கோடையில் மேல்தண்ணீர் சூடாகும்போது பெரிய பைக்குகள் குளிர்ந்த ஆழத்துக்குப் போய்விடும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, போராடிக் களைத்த மீன் தேறுவது கடினம். விடுவிக்கிற எண்ணம் இருந்தால் அந்த நாட்களில் பைக்கைத் தேடிப் போகாதீர்கள்.

முதல் வீச்சுக்கு முன்பே நீண்ட மூக்கு இடுக்கி, முள்ளை வெட்டுகிற கட்டர், ரப்பர் பூசிய வலை மூன்றும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பாஸைக் கீழுதட்டில் கட்டைவிரல் வைத்துப் பிடிக்கலாம், பெரியதைத் தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றுக்கு இன்னொரு கை கொடுத்துப் படுக்கை வாட்டத்தில் பிடியுங்கள். பைக் வாயில் விரல் வைக்கவே கூடாது. வலையிலேயே தண்ணீரில் வைத்து, செவுள் மூடிக்குள் தாடை எலும்பை ஒட்டி விரல்களை நுழைத்து, சிவந்த செவுள் இழைகளைத் தொடாமல் தாடை சேரும் இடம் வரை கொண்டுபோய் லேசாகத் தூக்கினால் வாய் தானாகத் திறக்கும். முள் ஆழத்தில் இருந்தால் இடுக்கியோடு மல்லுக்கட்டாதீர்கள், கட்டரால் முள்ளையே வெட்டிவிடுங்கள். முள்ளின் கொண்டையை (நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கிற கூர்) முன்பே நசுக்கி வைத்திருந்தால் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது.

பைக் ஒன்று கடித்த பிறகு கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எஃகுக் கம்பி சுருண்டோ இழை பிரிந்தோ இருந்தால் அடுத்த மீனில் அங்கேதான் அறும், நேராக்கிப் பயன்படுத்த முடியாது. வீட்டிலேயே ஐந்தாறு லீடர் கட்டி எடுத்துப் போனால் தயக்கமில்லாமல் மாற்றலாம்.