கம்மல்

இன்று காலை அடகுக்கடைத் தராசில் ஒரு ஜோடி கம்மல். திருகாணி கழலாமல் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றினாளாம், காது மடல் சிவந்து கிடந்தது.

எங்கள் தெருதான், பனியன் கம்பெனியில் டெய்லர். இரண்டு பிள்ளைகள். வயிற்றில் இருக்கும் மூன்றாவது வேண்டாம், கலைத்துவிடலாம் என்று முடிவெடுத்து மூன்று வாரம் ஆகிறது.

பெரியாஸ்பத்திரியில் இலவசம்தானே என்றேன்.

"இலவசம்தான்க்கா. வீட்டுக்காரர் கையெழுத்து கேக்குறாங்க. அந்தாளு எங்க இருக்காருன்னே தெரியல. ஒவ்வொரு தடவையும் ஒருநாள் சம்பளம் போகுது. பிரைவேட்டுக்கே போயிடறேன்."

1971 கருக்கலைப்புச் சட்டத்திலேயே பதினெட்டு வயது ஆனவளுக்குக் கணவன் கையெழுத்து தேவையில்லை, அவள் சம்மதம் போதும். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரே ஒரு டாக்டர் சரி என்றால் போதும். சொன்னேன்.

"அதை அங்க வந்து சொல்லுங்கக்கா."

நியாயம்தான். இப்படி அலையவிட்டே வாரங்கள் ஓடிவிடுகின்றன, மாத்திரையில் முடிய வேண்டியது அப்புறம் மாத்திரையில் முடியாது, செலவும் ஏறும், இந்த அலைச்சல் எல்லாம் கையில் காசில்லாதவளுக்கு மட்டும்தான்.

சரி, நாளைக்கு நானும் கூடப் போகிறேன்.

ரசீதை மடித்து பர்சில் வைத்தவள், வாசலுக்கு வந்ததும் இரண்டு காதிலும் ஈர்க்குச்சி செருகிக்கொண்டாள். ஓட்டை தூர்ந்துவிடுமாம்.