அடிப்படை ஊதியம் 64,100: கையில் வரப்போவது எவ்வளவு?

வரும் 2026 மே 31ஆம் தேதி நான் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். 2004 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பே பணியில் சேர்ந்தவன் என்பதால் பழைய ஓய்வூதியத் திட்டமே எனக்குப் பொருந்தும். அலுவலகம் கணக்கிட்டுத் தரும் வரை காத்திராமல், சென்ற மாதம் நானே தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

ஓய்வூதியத்தைக் கணக்கிடுவது எளிது. கடைசியாகப் பெற்ற அடிப்படை ஊதியம், கடைசிப் பத்து மாதங்களின் சராசரி ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதில் பாதி. என் அடிப்படை ஊதியம் 2025 ஜூலை முதல் 64,100 ரூபாய்; பத்து மாதச் சராசரியும் அதுவே. ஆகவே ஓய்வூதியம் 32,050 ரூபாய். 33 ஆண்டுகள் பணியாற்றினால்தான் முழு ஓய்வூதியம் என்று மூத்தவர்கள் சிலர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆறாவது ஊதியக்குழுவுக்குப் பிறகு அந்த நிபந்தனை நீக்கப்பட்டுவிட்டது. தகுதியுள்ள பணிக்காலம் பத்து ஆண்டுகள் இருந்தாலே ஊதியத்தில் பாதி கிடைக்கும். இத்துடன், பணியில் இருப்போரின் அகவிலைப்படியைப் போன்ற அகவிலை நிவாரணம் சேரும். 2025 ஜூலை முதலான 58 விழுக்காட்டின்படி அது 18,589 ரூபாய். இரண்டும் சேர்ந்து மாதம் 50,639 ரூபாய். எட்டாவது ஊதியக்குழு என்ன தரும் என்று தேநீர்க் கடையில் பேசலாம். தாளில் நான் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

பணிக்காலத்தின் நீளம் உண்மையில் கணக்குக்கு வருவது, ஓய்வின்போது ஒரே தொகையாகத் தரும் பணிக்கொடையில்தான். ஒவ்வொரு அரையாண்டுக்கும், அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் கால் பங்கு. மொத்தத்தில் அந்தத் தொகையின் பதினாறரை மடங்கைத் தாண்டக்கூடாது. ரூபாய்க் கணக்கில் உச்சவரம்பு 25 லட்சம். நான் சேர்ந்தது 1994 ஆகஸ்ட் 12. ஓய்வு நாள் வரை 31 ஆண்டுகள், 9 மாதங்கள், 20 நாட்கள். மூன்று மாதமும் அதற்கு மேலும் உள்ள மிச்சத்தை ஓர் அரையாண்டாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் 64 அரையாண்டுகள் என்று எழுதி, 16,20,448 ரூபாய் என்று கணக்கை முடித்து, மனைவியிடமும் சொல்லிவிட்டேன்.

பிறகுதான் பணிப்பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. 2003ஆம் ஆண்டுப் பக்கத்தில் நான் மறந்தே போயிருந்த ஒரு பதிவு இருந்தது: அசாதாரண விடுப்பு, 4 மாதங்கள் 22 நாட்கள். அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது, ஈட்டிய விடுப்பெல்லாம் தீர்ந்த பின் ஊதியமில்லாமல் எடுத்தது. எனக்கே உடல்நலமில்லை என்று மருத்துவச் சான்றுடன் எடுத்திருந்தால் அந்தக் காலமும் பணிக்காலத்தில் சேர்ந்திருக்கும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள எடுத்த விடுப்பு சேராது. அதைக் கழித்தால் மிஞ்சுவது 31 ஆண்டுகள், 4 மாதங்கள், 28 நாட்கள், அதாவது 63 அரையாண்டுகள். பணிக்கொடை 15,95,129 ரூபாயாகக் குறைந்தது. இருபத்தைந்தாயிரம் ரூபாய் போனதே என்ற வருத்தம் எனக்கில்லை; அந்த மாதங்களுக்கு அது அதிக விலையும் அல்ல. ஆனால் பணிப்பதிவேட்டைத் திறக்காமல் போடும் மதிப்பீடு, பதிவேட்டில் இல்லாத ஒருவருடைய ஓய்வூதியத்தைக் கணக்கிடுவதாகவே முடியும். 18 ஆண்டுப் பணி முடிந்ததும் ஒரு முறை, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் இன்னொரு முறை தகுதியுள்ள பணிக்காலத்தைச் சரிபார்த்து ஊழியருக்குச் சான்று தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தச் சான்று எனக்கு வரவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாவது சங்கதி பிறந்த தேதி. நான் பிறந்தது ஆடி மாதம் என்று அம்மா சொல்வார். ஜூன் மாதப் பள்ளிச் சேர்க்கைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமை ஆசிரியர் மே மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். என் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் தந்தவர்கள் தலைமை ஆசிரியர்கள்தானே. ஆடியிலேயே பிறந்திருந்தால் ஜூலை முதல் தேதி ஊதிய உயர்வு பெற்று, 66,000 ரூபாயில் ஓய்வு பெற்றிருப்பேன். ஜூன் மாதம் பிறந்த என் நண்பர் ஜூன் 30 அன்று ஓய்வு பெறுகிறார். மறுநாள் வர வேண்டிய ஊதிய உயர்வை, வந்ததாகக் கொண்டு, அவருடைய ஓய்வூதியத்தைக் கணக்கிடுவார்கள். இதற்கு வழி திறந்தது சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் அய்யம்பெருமாள் வழக்கில் அளித்த தீர்ப்பு. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் வேறொரு வழக்கில் அதே நிலைப்பாட்டை எடுத்தது. அந்தச் சலுகை ஓய்வூதியத்துக்கு மட்டுமே, பணிக்கொடைக்கு இல்லை. நண்பருக்கும் எனக்கும் ஒரே ஊதியம். வித்தியாசம் ஓய்வூதியத்தில் மாதம் 950 ரூபாய், அகவிலை நிவாரணத்தோடு 1,501 ரூபாய்.

நான் அதிக நேரம் செலவிட்டது கம்யூடேஷனில். ஓய்வூதியத்தில் 40 விழுக்காடு வரை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு மொத்தத் தொகையைப் பெற்றுக்கொள்ளலாம். 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கு அடுத்த பிறந்தநாள் 61 என்பதால், அதற்குரிய பெருக்கெண் 8.194. மாதம் 12,820 ரூபாயை விட்டுக்கொடுத்தால், அதன் ஓராண்டுத் தொகையை இந்த எண்ணால் பெருக்கிக் கிடைப்பது 12,60,565 ரூபாய். வருமான வரியும் இல்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பகுதி திரும்பக் கிடைக்கும். அதுவரை என்னிடமிருந்து கழிவது 23,07,600 ரூபாய். இதைக் கடனாகப் பார்த்தால் ஏறக்குறைய 9 விழுக்காடு வட்டி. அவ்வளவு வட்டியை வைப்பு நிதியில் எந்த வங்கியும் எனக்குத் தரப்போவதில்லை. ஆகவே வாங்கி வங்கியில் போடலாம் என்ற யோசனை கணக்குக்கு ஒத்துவரவில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. இடையில் நான் இறந்துவிட்டால் மீதித் தொகையை மனைவியின் குடும்ப ஓய்வூதியத்தில் பிடிக்கமாட்டார்கள். அகவிலை நிவாரணமும் குறைக்கப்படாத முழு ஓய்வூதியத்தின் மீதே கணக்கிடப்படும். முழுதாக 40 விழுக்காட்டையும் விட்டால் என் கைக்கு மாதம் வருவது 37,819 ரூபாய்.

அந்தத் தொகையில் அடிப்படைப் பகுதி 19,230 ரூபாய். கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடான சாதாரணக் குடும்ப ஓய்வூதியமும் அதே 19,230 ரூபாய்தான். பாதியில் அறுபது விழுக்காடு என்றால் முப்பதுதானே. ஓய்வுக்குப் பின் நான் இல்லாமல் போனால், இறந்த நாளிலிருந்து ஏழு ஆண்டுகள், அல்லது எனக்கு 67 வயது ஆகியிருக்க வேண்டிய நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை மனைவிக்குப் பாதி ஊதியம், அதாவது 32,050 ரூபாய் கிடைக்கும், பிறகு 19,230. கம்யூடேஷனுக்குப் பின் வரும் தொகையில் குடும்பம் நடக்குமா என்று பார்ப்பது, நான் இல்லாத காலத்தில் அவளால் சமாளிக்க முடியுமா என்று பார்ப்பதற்கும் ஓரளவு ஒத்திகையாகும் என்பதால், மூன்று மாதங்களுக்கு 37,819 ரூபாய்க்குள் செலவை அடக்கிப் பார்க்கலாம் என்றாள் மனைவி.

இது இரண்டாவது மாதம். காப்பிப்பொடி சற்று மலிவான கடைக்கு மாறியிருக்கிறது. விண்ணப்பத்தில் எத்தனை விழுக்காடு என்ற கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.