எடுப்பித்தலும் தூண்டுதலும்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’, அதாவது நாம் கட்டுவித்த கற்கோயில், என்கிறான். அவன் கல் சுமக்கவில்லை. சுமக்க வைத்தான், கோயிலும் எழுந்துவிட்டது. நன்னூல் கூறும் ‘வி’, ‘பி’ விகுதிகளின் இயல்பு இதுதான். ‘செய்வித்தான்’ என்றாலே செயல் முடிந்துவிட்டது என்று பொருள். ஆனால் ஒருவர் ஒன்றைச் செய்யக்கூடும் என்ற நிலைக்கு அவரைக் கொண்டுவருவதோடு நிற்கும் செயலுக்கு நம்மிடம் விகுதி இல்லை, தனிச்சொல்லைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

முதலில் நினைவுக்கு வருவது ‘தூண்டு’. எண்ணெய் விளக்கின் திரியைச் சிறு கோலால் மேலே தள்ளிவிடுவதும் தூண்டுதல்தான் என்பதை எண்ணிப்பார்த்தால், சுடர் அங்கே முன்பே இருக்கிறது, தூண்டுபவர் அதற்கு இடம் கொடுக்கிறார் என்பது விளங்கும். செயல் நடந்தே தீரவேண்டும் என்பதும் இச்சொல்லில் இல்லை. 1860இன் இந்திய தண்டனைச் சட்டமும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், தூண்டப்பட்ட குற்றம் நடக்காமற்போனாலும் தூண்டியதைக் குற்றமாகவே கருதுகின்றன.

பேச்சுவழக்கில் உள்ள கொம்பு சீவிவிடுதல், தூபம் போடுதல், உசுப்பேற்றுதல் ஆகிய எல்லாமே பழி சுமத்தும் சொற்கள். (நல்ல காரியத்துக்காக எவரும் கொம்பு சீவிவிட்டதாக நான் கேட்டதில்லை.)

அண்மையில் நீரிழிவு பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்றைத் திருத்தியபோது, ‘குடும்ப வரலாறு நோயைத் தூண்டுகிறது’ என்ற தொடரில் தடுக்கி நின்றேன். பெற்றோருக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புக் கூடுகிறதே தவிர, வந்தே தீரும் என்பதில்லை. அந்த இருப்பு எவரையும் கோல் கொண்டு தள்ளுவதுமில்லை. ‘நோய்க்கு ஏதுவாகிறது’ என்று மாற்றினேன். ஆனால் ‘ஏதுவாக’ என்பது சூழ்நிலைக்குப் பொருந்தும் அளவுக்கு மனிதருக்குப் பொருந்துவதில்லை. ‘என் அக்கா என் அப்பாவுக்கு ஏதுவானாள்’ என்று எழுத முடியாது.

அதற்கான சொல் எங்கள் வீட்டிலேயே இருந்தது. வெளியூர்க் கல்லூரியில் சேர நான் அனுமதி கேட்கவேண்டியிருந்த நாளில், அக்கா என்னிடம், “அப்பா மனசைக் கரைச்சு வச்சிருக்கேன், இப்பப் போய்க் கேளு” என்றாள். அந்த ‘வச்சிருக்கேன்’ என்பதில் பின்னால் வரப்போவதற்கான முன்னேற்பாடு மட்டுமே இருக்கிறது. அப்பா ஒப்புக்கொண்டார் என்று அவள் சொல்லவில்லை.