எஸ்.பி.எம். முடித்த வீட்டுக்கு வரும் அழைப்புகள்

சாத்தூரிலிருந்து திருமணமாகிக் கெடா மாநிலத்தின் பீடோங்குக்கு வந்தபோது, கோயிலும் தமிழ்ப்பள்ளியும் சுற்றிலும் கேட்ட தமிழும் ஊரை விட்டு வந்த எண்ணத்தையே தரவில்லை. பிள்ளைகளின் மேற்படிப்பு என்று வந்தபோதுதான் இது வேறு நாடு என்று புரிந்தது. எங்கள் பக்கம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வந்ததும் பொறியியலுக்குத் தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு, முதல் பட்டதாரி சலுகை என்று வழி தெளிவாக இருக்கும். தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கும் அதே கலந்தாய்வுதான். இங்கே பதினோராம் ஆண்டில் எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வு. அது முடிந்ததும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளான மெட்ரிகுலேசன், ஆறாம் படிவம், இல்லையென்றால் பாலிடெக்னிக், தனியார் கல்லூரி என்று பாதை பிரிகிறது. எது எங்கே கொண்டுபோய் விடும் என்று எடுத்துச் சொல்லத் தோட்டத்து வீடுகளில் பெரும்பாலும் ஆளில்லை.

அந்த இடைவெளியில் நுழைவது தொலைபேசி அழைப்புதான். என் நாத்தனார் மகளுக்குத் தேர்வு முடிவே வரவில்லை. அதற்குள் ஒரு தனியார் கல்லூரியின் முகவர் வீட்டுக்கு வந்துவிட்டார். பளபளப்பான பிரசுரத்தின் முதல் பக்கத்தில் இலவச மடிக்கணினி. கட்டண அட்டவணை கடைசிப் பக்கத்தில்: இரண்டரை ஆண்டு டிப்ளோமாவுக்கு 28,000 வெள்ளி (ரிங்கிட்). பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி எல்லாம் தனி என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. “காசு கட்டவே வேண்டாம் அக்கா, பி.டி.பி.டி.என். பார்த்துக்கொள்ளும்” என்றார் அவர். நாத்தனாரின் கணவர் தோட்டத்தில் குறைந்தபட்ச ஊதியமான 1,700 வெள்ளிக்கு வேலை செய்கிறவர். அவருடைய பதினாறு மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகையைக் காசே இல்லை என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது?

பி.டி.பி.டி.என். என்பது 1997இல் தொடங்கப்பட்ட அரசின் உயர்கல்விக் கடன் நிதி. ஆண்டுக்கு ஒரு சதவீதச் சேவைக் கட்டணம்தான், நல்ல திட்டம். ஆனால் அது கடன். படிக்கிற பிள்ளையின் பெயரில் ஏறுகிறது. படிப்பு முடிந்தபின் அந்தப் பிள்ளைதான் கட்ட வேண்டும். அதே டிப்ளோமாவை அரசு பாலிடெக்னிக்கில் படித்தால் ஒரு பருவத்துக்குக் கட்டணம் 200 வெள்ளி. குலிமில் ஒரு பாலிடெக்னிக் இருக்கிறது. இதை நான் சொன்னபோது நாத்தனார் நம்பவில்லை; 2,000 என்பதைத் தவறாகச் சொல்கிறேன் என்றே நினைத்தார்.

தனியார் என்றாலே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களுக்குப் பக்கத்தில் செமிலிங்கில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம், மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியான ம.இ.கா.வின் கல்வி அமைப்பு 2001இல் தொடங்கியது. மருத்துவம் வரை அங்கே படிக்கலாம். பொதுப் பல்கலைக்கழகத்தில் கேட்ட துறை கிடைக்காத பிள்ளைக்குத் தனியார் கல்வி உண்மையான வழிதான். ஆனால் எந்தப் படிப்பாக இருந்தாலும் மலேசியத் தகுதி முகமையான எம்.கியு.ஏ.வின் பதிவேட்டில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடனும் கிடைக்காது.

நம் வீடுகளில் மிகவும் குறைவாக மதிக்கப்படுவது ஆறாம் படிவம். மெட்ரிகுலேசன் ஓராண்டில் முடியும். ஆனால் அதில் பூமிபுத்ரா (மலாய்க்காரர்களும் பூர்வகுடியினரும்) அல்லாதவர்களுக்குப் பத்து சதவீத இடமே. எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏவும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் இடம் உண்டு என்று 2024இல் அரசு அறிவித்தது. நல்ல செய்திதான், ஆனால் ஐந்தோ ஆறோ ஏ எடுக்கும் பிள்ளைக்கு அது உதவாது. ஆறாம் படிவத்தில் அப்படிப்பட்ட ஒதுக்கீடு இல்லை. அரசுப் பள்ளியிலேயே ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். செலவு பெரும்பாலும் பஸ்ஸும் புத்தகமும்தான். முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்பது. “கஷ்டமாமே, மறுபடியும் பள்ளிச் சீருடையா?” என்று அதை ஒதுக்குகிறார்கள். கஷ்டம்தான். 28,000 வெள்ளிக் கடனோடு வேலை தேடுவது அதைவிடக் கஷ்டம் என்று நாத்தனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளில் இரண்டு கணக்கையும் எழுதிக் காட்டினேன். நாத்தனாரின் கணவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு மகளிடம், “அத்தை சொல்கிறபடி செய்” என்றார்.

ஒரு வருடம் வீணாகிவிடும் என்ற பயம்தான் முகவர்களின் மூலதனம். பொதுப் பல்கலைக்கழகங்களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்குமான சேர்க்கை முறையான யு.பி.யு.வின் முடிவு வரும்வரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதீர்கள் என்று இப்போது பக்கத்து வீடுகளுக்கும் சொல்லி வருகிறேன்.

நாத்தனார் மகள் இப்போது சுங்கைப் பட்டாணியில் ஆறாம் படிவம் இரண்டாம் பருவத்தில் இருக்கிறாள். பொதுப் பல்கலைக்கழகத்துக்குத் தேவையான முயெட் ஆங்கிலத் தேர்வுக்கு மாலையில் என்னிடம் படிக்க வருகிறாள். முதல் விருப்பம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்று முடிவாகிவிட்டது. கணக்கியலா, மேலாண்மையா என்பதில்தான் வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது.