கீழக்கரை நாட்குறிப்பு

ஜூன் 4, 2025
கால்பந்தில் தாய்லாந்திடம் இந்தியா 2-0 தோல்வி. வாப்பா பாதியிலேயே தூங்கிவிட்டார், நல்லதுதான்.

ஜூன் 7
பெருநாள். சலாம் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் வாப்பாவிடம் "என்ன இப்படி மெலிஞ்சுட்டீங்க" என்றே ஆரம்பித்தார்கள். முதல் ரிப்போர்ட் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கக்கூடாது என்று உம்மா சொல்லியிருக்கிறார்.

ஜூன் 10
ஹாங்காங்கில் ஆட்டம். ஒரு புள்ளியாவது தேறும் என்று இருந்தேன், ஆட்டம் முடிகிற நேரத்தில் பெனால்டி கொடுத்து 1-0. ஓய்வு பெற்ற சேத்ரியை நாற்பது வயதில் திரும்பக் கூட்டிவந்தும் கோல் இல்லை. வாப்பா ஒன்றும் பேசவில்லை, மருந்துச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

ஜூன் 11
தூக்கம் வரவில்லை. 1963இல் நம் கால்பந்து அணியின் கோச் ரஹீம் சாஹிப் மௌத்தானது இதே தேதியில்தான், வாப்பாவுக்கு வந்திருக்கிற அதே நோய். ஹைதராபாத்தில் வாத்தியாராக இருந்தவர், 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், எல்லாம் அவர் காலத்தில். ஆனால் எனக்கு 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுதான். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. அப்புறம் தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல். பின்னால் நின்று தடுக்கிற பேக் ஆடுகிற ஆள், தலையில் கட்டோடு இருக்கிறார், அவரைப் போய் கோல் போட முன்னால் ஃபார்வர்டில் நிறுத்தினார் ரஹீம். அரையிறுதியிலும் கோல், இறுதியிலும் கோல். ஒரு லட்சம் பேர் நமக்கு எதிராகக் கத்த, காய்ச்சலில் கிடந்த தங்கராஜ் எழுந்து வந்து கோலி நிற்க, அதே கொரியாவை 2-1. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் நமக்குக் கால்பந்துத் தங்கமே இல்லை. 1950 உலகக் கோப்பைக்கு வெறுங்காலோடு ஆடியதால்தான் போகவில்லை என்கிற கதையை ஆளாளுக்குச் சொல்கிறார்கள், இதைச் சொல்ல ஆள் இல்லை. முதல் ஆட்டத்தில் தோற்ற அதே கொரியா. அதையேதான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

ஜூன் 14
நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. கரையில் ஐஸ் ஏற்றுகிறார்கள். வாப்பா பார்க்கணும் என்றார், கூட்டிப் போகவில்லை.

ஜூன் 18
மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் இல்லை.

ஜூன் 23
பெண்கள் அணி மங்கோலியாவை 13-0! "பதிமூணா?" என்று வாப்பா எழுந்து உட்கார்ந்தார். ரெண்டு இடியாப்பம் கூடச் சாப்பிட்டார்.

ஜூலை 5
தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1. சங்கீதா ரெண்டு கோல். தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து நம் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போவது இதுதான் முதல் தடவை. வாப்பா கடைசி வரை முழித்திருந்தார், ரெண்டாவது கோலைத் திரும்பப் போடச் சொன்னார். திங்கள் காலை மதுரை. இந்தத் தடவை டாக்டரிடம் நான்தான் பேசணும், பழைய ஸ்கேன் படங்களை உம்மா எந்தப் பெட்டியில் வைத்தாரோ