யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்க்ரம் சான்றிதழ்: பாடம் இடறவில்லை, டெபிட் காட்டும் பெயரும்தான் இடறின

பி.எஸ்.எம். 1 ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. ஸ்க்ரம் என்பது குழுவாகச் செய்யும் வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை. அதை வழிநடத்தும் ஸ்க்ரம் மாஸ்டருக்கு ஸ்க்ரம்.ஆர்க் தரும் சான்றிதழின் முதற்படிதான் பி.எஸ்.எம். 1. எஜைல் (ஸ்க்ரம் போன்ற முறைகளின் பொதுப்பெயர்) பயிற்றுநராகவோ கோச்சாகவோ போக நினைப்பவர்கள் பெரும்பாலும் இதில் அல்லது ஸ்க்ரம் அலையன்ஸ் என்ற இன்னொரு அமைப்பின் சி.எஸ்.எம்மில்தான் தொடங்குகிறார்கள். இங்கிருந்து எடுப்பவர்களுக்கு எங்கே கால் தடுக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் காசு. ஸ்க்ரம்.ஆர்க்கில் கட்டணம் டொலரில். நான் கட்டியபோது 150. டெபிட் காட் இரண்டு தரமும் மறுக்கப்பட்டது. வங்கிக் கிளைக்குப் போனால், கவுன்டரில் இருந்தவர் திரையை ஒருக்கால் பார்த்துவிட்டு, "வெளிநாட்டுப் பாவனை ஓன்லதானே கிடக்கு தம்பி, பிழை அவையின்ர பக்கம்தான்" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து போட்டால் திரும்பவும் மறுப்பு. அடுத்த நாள் மீண்டும் போய் இன்னொருவரிடம் கேட்டபோதுதான் விளங்கியது: முதலாமவர் பார்த்தது வெளிநாட்டு ஏ.ரி.எம்., கடைப் பாவனை. இணையவழிக் கொடுப்பனவுக்கு அனுமதி வேறு, படிவம் வேறு. இந்த ஒரு விளக்கத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு அரை நாளும் பஸ் காசும் மிஞ்சியிருக்கும்.

ஆகவே கிளையில் "காட் வேலை செய்யுமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இணையவழிப் பாவனை, வெளிநாட்டு நாணயம், ஒரு தடவைக்கான உச்சத் தொகை என மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஓ.ரி.பி. எந்த எண்ணுக்கு வரும் என்றும் பாருங்கள். பழைய சிம்மின் எண் கிடந்தால் அங்கேயே மாற்றுங்கள். கணக்கில் அன்றைய மாற்று வீதத்துக்குச் சரியாகக் காசு வைத்தால் காணாது, வங்கிக் கட்டணமும் சேரும்.

அடுத்தது பெயர். எங்களுக்கு அப்பாவின் பெயர் முன்னால் வரும், அல்லது முதலெழுத்தாக (இனிஷியலாக) நிற்கும். படிவமோ முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டி கேட்கும். முதலெழுத்தை முதற்பெட்டியில் போட்டால் சான்றிதழிலும் அப்படியே ஒற்றை எழுத்தாக வந்து நிற்கும். கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயரை, பரீட்சைக்கு முன்னரே உங்கள் கணக்கில் திருத்திவிடுங்கள். சி.எஸ்.எம். என்றால் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் பயிற்றுநர்தான் பதிவேற்றுவார். பதிவு செய்யும்போதே எழுத்துக்கூட்டலைச் சரியாகக் கொடுங்கள்.

பி.எஸ்.எம். 1 பரீட்சையில் 80 கேள்வி, 60 நிமிடம், தேர்ச்சிக்கு 85 சதவீதம். அதாவது 68 சரியாக வேண்டும், ஒரு கேள்விக்கு 45 செக்கன். ஒரு கட்டணத்துக்கு ஒரே ஒரு முயற்சி. ஸ்க்ரமின் விதிகளைச் சொல்லும் ஸ்க்ரம் கைடு பதினைந்து பக்கம்கூட இல்லை, 2020 பதிப்பையே வரிவரியாகப் படியுங்கள். கைக்குக் கை மாறித் திரியும் பழைய வினாத்தொகுப்புகள்தான் ஆட்களை விழுத்துகின்றன. "டெவலப்மென்ட் டீம் 3 முதல் 9 பேர்", டெய்லி ஸ்க்ரம் என்ற தினசரிச் சந்திப்பின் மூன்று கேள்விகள் இரண்டுமே 2020இல் எடுக்கப்பட்டுவிட்டன. இப்போது "டெவலப்பர்கள்" மட்டும். முழு ஸ்க்ரம் டீமும் பொதுவாக 10 பேர் அல்லது அதற்குக் குறைவு. வேலை அனுபவம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அலுவலகத்தில் ஸ்க்ரம் மாஸ்டர் வேலை பிரித்துக் கொடுக்கலாம், மனேஜர் ஸ்பிரிண்டை (ஒரு வேலைச் சுற்றை) நிறுத்தலாம். ஆனால் கைடின்படி வேலையை எப்படிச் செய்வதென்று தீர்மானிப்பது டெவலப்பர்கள், ஸ்பிரிண்டை நிறுத்தும் உரிமை செய்யும் பொருளுக்குப் பொறுப்பான புரொடக்ட் ஓனருக்கு மட்டும். இலவசமான ஸ்க்ரம் ஓப்பன் பயிற்சியில் 30 கேள்விகள். தொடர்ந்து முழுப் புள்ளி வரும்வரை காசு கட்ட வேண்டாம்.

கரண்ட் போனாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். லப்டொப்பில் பற்றரி இருந்து என்ன, ரவுட்டர் நின்றுவிடும். ரவுட்டருக்குச் சின்ன யூ.பி.எஸ். ஒன்று வாங்குங்கள், இல்லையேல் கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டை முன்கூட்டியே இணைத்துப் பார்த்து வையுங்கள்.

சி.எஸ்.எம்மை விரும்பினால் வகுப்பு கட்டாயம். பரீட்சை இலகு: 50இல் 37 போதும், வகுப்புக் கட்டணத்துக்குள் 90 நாளில் இரண்டு முயற்சி. ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 100 டொலர் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், பி.எஸ்.எம்முக்கு அது இல்லை. இணையவழியில் எடுத்தால், அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி வகுப்பு, கோடையில் எங்களுக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. முழுநாள் வகுப்பென்றால் விடியப்புறம்தான் முடியும். இந்தியப் பயிற்றுநர் என்றால் எங்கள் நேரமேதான். காசு கட்டுமுன் அவர் பெயர் ஸ்க்ரம் அலையன்ஸ் தளத்தில் சி.எஸ்.ரி. (அவர்களின் உரிமம் பெற்ற பயிற்றுநர்) என்று இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த உரிமம் இல்லாதவர் எவ்வளவு நன்றாகப் படிப்பித்தாலும் அவரால் உங்களுக்குச் சி.எஸ்.எம். தர முடியாது.

இதே விதி நமக்கும் உண்டு. பி.எஸ்.எம். 1 வைத்துக்கொண்டு இங்குள்ள பிள்ளைகளுக்குப் பட்டறை நடத்தலாம், "பி.எஸ்.எம். வகுப்பு" என்று விளம்பரம் போடக் கூடாது.

பட்டறை நடத்துபவர்களுக்கு இரண்டு விஷயம். ஸ்பிரிண்ட் முடிவில் வரும் ரிவியூ, ரெட்ரோஸ்பெக்டிவ் இரண்டையும் தமிழில் "மீளாய்வு" என்றால் வகுப்பு முழுவதும் குழம்பும். முன்னதில் செய்த பொருளைப் பார்க்கிறோம், பின்னதில் வேலை செய்த விதத்தைப் பார்க்கிறோம். சொற்களை அப்படியே விட்டு வித்தியாசத்தைத் தமிழில் சொல்லுங்கள். மற்றது, மண்டபத்து ஃபானுக்குக் கீழே சுண்ணாம்புச் சுவரில் ஸ்டிக்கி நோட் நிற்காது. ஒட்டியதெல்லாம் உதிர்ந்து நிலத்தில் கிடக்கும். பிறவுண் தாளைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு நோட்டையும் மாஸ்கிங் ரேப்பால் பிடியுங்கள். 20 பேருக்கு இரண்டு உருளை போதும்.