கண்டல் நடுமுன் தண்ணீரைப் பாருங்கள்

திருகோணமலைக் கரையோரப் பாடசாலைகளில் சுற்றாடல் பாடம் என்றால் நான் பார்த்தவரை சுவரொட்டிப் போட்டியோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகளைக் களப்புக்கே, கடலோர உப்புநீர்க் காயலுக்கே, கூட்டிப் போங்கள் என்றுதான் கேட்கிறேன்.

களப்போரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்கள் சிலவற்றின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல் தொங்கும். அதை அவர்கள் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். அப்புறம், நடுவதற்கு முன்னால் ஒரு தடியில் அளவு குறித்து ஊன்றி, தண்ணீர் எதுவரை ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அவர்களே எழுதட்டும். இதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் 1,000 ஹெக்டேயருக்கு மேல் கண்டல் நட்டார்கள். 2017இல் வெளியான ஆய்வின்படி, பிழைத்தது 200 ஹெக்டேயர் சொச்சம்தான். தண்ணீர் ஏறி நிற்கும் அளவுக்குப் பொருந்தாத மட்டத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காததும் முக்கிய காரணங்கள். நட்ட அன்று படம் எடுத்துப் போடுகிறோம், சரி. மூன்று மாதம் கழித்து யார் போய்ப் பார்க்கிறோம்?

கிண்ணியா, மூதூர் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இறால் குஞ்சு எங்கே ஒதுங்கும் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். வகுப்பில் அவர்களைப் பேச விடுங்கள்.

உங்கள் பாடசாலையில் தொடங்குவதாக இருந்தால் சொல்லுங்கள் ஆசிரியர்களே. சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு சேற்றில் இறங்க நான் வருகிறேன்.